கோடு ஒன்று, நிலை மூன்று: கேமரா இல்லாத நீல அச்சில் வரைந்த அனுபவம்

ஒளியுணர் தாளின் மேல் இலையையோ வலைத்துணியையோ வைத்து வெயிலில் காட்டி ஃபோட்டோகிராம் எடுத்து, அது காய்ந்த பிறகு அதன்மேல் பேனாவாலும் பென்சிலாலும் வரைந்து சேர்ப்பது இப்போது பலரும் செய்கின்ற முறை. பார்த்தவுடன் அழகாகவே இருக்கும். ஆனால் சற்று நேரம் உற்றுப் பார்த்தால், நிழல் அடியிலும் கோடு மேலுமாக இரண்டும் தனித்தனியே கிடப்பதைக் கண் கண்டுகொள்கிறது. எனக்கு வேண்டியிருந்தது வேறு. ஒரே கோடு வெண்தரையில் நீலமாகத் தொடங்கி, நீலத்தரைக்குள் நுழைந்ததும் வெண்மையாகி, முடிகின்ற இடத்தில் கருமையாக வேண்டும். எதை ஒளி வரைந்தது, எதைக் கை வரைந்தது என்று பிரித்துச் சொல்ல இடமில்லாத ஓர் அரூப ஓவியமாக அது அமைய வேண்டும். அதற்காகச் சென்னையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் செய்து பார்த்த முறையை, இதில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் அளவுக்கு விவரமாக இங்கே எழுதுகிறேன்.

வரைதலையும் கேமரா இல்லாத ஒளிப்பதிவையும் ஒரே தகட்டில் சேர்ப்பது பழைய வழக்கம். 1853ஆம் ஆண்டு பிரான்சின் அராஸ் நகரில் அடால்பேர் குவெலியே என்ற ஒளிப்படக்காரரும் அவரைச் சேர்ந்தவர்களும், கண்ணாடித் தகட்டில் ஒளிபுகாத பூச்சைத் தடவி, அதை ஊசியால் கீறி, ஒளியுணர் தாளின்மேல் வைத்து அச்சிடும் முறையை ஓவியர் கமீய் கோரோவுக்கு அறிமுகப்படுத்தினார்கள். கிளிஷே-வெர் என்று வழங்கும் இந்த முறையில் கோரோ தம் கடைசிக் காலம் வரை 60-க்கும் மேற்பட்ட தகடுகளைச் செய்தார். தோபிஞி, மியே, தெலாக்ருவா போன்ற ஓவியர்களும் செய்து பார்த்தார்கள். அவர்கள் வரைந்தவை மரங்களும் வெளிகளும் விலங்குகளும் மனிதர்களும். பொருளின் அடையாளத்தை விட்டு நிழலை மட்டும் எடுத்துக்கொண்ட படங்கள் 1919-இல் கிறிஸ்டியான் ஷாட் கையிலும், 1922-இல் மான் ரே, மொஹோலி-நாட்ஜ் ஆகிய கலைஞர்கள் கையிலும் வந்தன. 1931-இல் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் மெல்லிய தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்த உருவங்களையே நெகட்டிவாக வைத்து மான் ரே அச்சிட்டுக் கொடுத்தார். 1956-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியேர் கோர்டியே, நகப்பூச்சால் ஒளிப்படத் தாளில் எழுதிப் பார்த்ததிலிருந்து ரசாயனங்களாலேயே படம் உருவாக்கும் கெமிகிராம் என்ற தனி வழியைக் கண்டார். இவர்களில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர் கோரோதான். தகட்டைத் திருப்பி வைப்பதாலேயே ஒரு கோட்டின் குணத்தை மாற்றலாம் என்பதை அவருடைய அச்சுகளில்தான் பார்த்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கோர்டியேயின் வழிக்கு வெள்ளி உப்புத் தாளும், படத்தைத் துலக்கும் டெவலப்பரும், நிலைநிறுத்தும் ஃபிக்சரும் வேண்டும். நான் எடுத்துக்கொண்டது 1842-இல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப் என்னும் நீல அச்சு முறை. இதற்கு இரண்டு இரும்பு உப்புகளும் வெயிலும் தண்ணீரும் போதும். தேர்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹெர்ஷல் கண்டறிந்த மறு ஆண்டிலேயே அன்னா அட்கின்ஸ் இங்கிலாந்தில் கடற்பாசிகளை இந்தத் தாளில் நேரடியாக வைத்து அச்சிடத் தொடங்கினார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் தங்கள் கோட்டு வரைபடங்களைப் பிரதியெடுக்க இதே நீலத்தைத்தான் ப்ளூபிரிண்ட் என்ற பெயரில் பயன்படுத்தினார்கள். பொருளின் நிழலையும் மனிதன் போட்ட கோட்டையும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக ஏற்றுக்கொண்ட நீலம் இது.

பச்சை நிற ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை வேறொரு 100 மில்லியிலும் கரைத்து, இரண்டையும் தனித்தனி அம்பர் புட்டிகளில் வைத்துக்கொள்ள வேண்டும். தாளில் பூசும்போது மட்டுமே சம அளவில் கலக்க வேண்டும். புற ஊதாக் கதிர் படும் இடத்தில் ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாக மாறி, ஃபெரிசயனைடுடன் கூடி, நீரில் கரையாத பிரஷ்ய நீலமாகிறது. கதிர் படாத இடத்து உப்பு கழுவும்போது போய்விடுகிறது. கடலோரப் புழுக்கத்தில் சிட்ரேட் கரைசலில் பூஞ்சை படரும் என்பதால் கொஞ்சமாகக் கரைத்து வைத்து, பூசும் முன் வடிகட்டிக்கொள்வது நல்லது. ஃபெரிசயனைடு சாதாரணமாகக் கையாளத் தக்க பொருள்தான் என்றாலும், வீரியமான அமிலத்தோடு சேர்ந்தாலோ கடுமையாகச் சூடானாலோ நச்சு வாயுவை விடக்கூடியது. ஆகையால் கழிப்பறை கழுவும் ஆசிட் இருக்கும் இடத்தில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. கையுறை அணிய வேண்டும். சமையலுக்குப் புழங்கும் பாத்திரம் ஒன்றுகூட இதற்குள் வரக்கூடாது.

தாளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த முறையில் ஒரே தாள் திரும்பத் திரும்ப நனைந்து காய்கிறது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்திக் கூழ்த் தாளே அதைத் தாங்குகிறது. பல நல்ல தாள்களில் நீண்ட ஆயுளுக்காகச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்திருப்பார்கள். ஓவியத்துக்கு நன்மையான அதுவே பிரஷ்ய நீலத்துக்குப் பகை, ஏனெனில் காரம் பட்டால் இந்த நீலம் வெளுத்துவிடும். தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு, நுரைக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நுரைத்தால், மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் கணக்கில் கரைத்து, தாளை அதில் குமிழி அடங்கும் வரை ஊறவைத்து, அலசிக் காயவைத்து, அதன் பிறகே ரசாயனம் பூசுகிறேன். பூசுவது மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், உலோகப் பட்டை இல்லாத அகலத் தூரிகையால். பூசிய தாளை மின்விசிறியில் உலர்த்தி அன்றே பயன்படுத்திவிட வேண்டும்; ஈரக்காற்றில் ஓர் இரவு கிடந்தாலும் தாள் தானாகவே நீலம் பாரித்து, வெள்ளை வர வேண்டிய இடம் மங்கிவிடும்.

இனி தகடு. படச் சட்டத்துக்குப் போடும் 2 மில்லிமீட்டர் கண்ணாடியை எடுத்து, விளிம்புகளுக்கு டேப் ஒட்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அதன் ஒரு பகுதியில் மட்டும் புகைக்கரி பிடிக்கிறேன். கண்மை செய்வதற்கு விளக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடிப்பார்களே, அதே முறைதான். கற்பூரக் கரி இன்னும் கறுப்பாக இருக்கும், ஆனால் பஞ்சுபோல் உதிர்ந்துவிடும். விளக்கெண்ணெய்க் கரியில் லேசான பசை இருப்பதால் கண்ணாடியைப் பற்றி நிற்கிறது. சுடரின் மேல் கண்ணாடியை ஒரே இடத்தில் நிறுத்தினால் விரிசல் விடும். கையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசைக்கின்ற வேகத்தைப் பொறுத்துக் கரி கனமாகவும் மெல்லியதாகவும் படிகிறது. மெல்லிய கரி கொஞ்சம் கதிரை உள்ளே விடுவதால் அச்சில் அது வெளிர்நீலப் படலமாக வருகிறது. வரைவதற்கு முன்பே தகட்டில் ஒளியின் ஏற்ற இறக்கம் இப்படி அமைந்துவிடுகிறது.

கரியைக் கீறுவதற்கு ஊசி கூர்மையான, எங்கும் ஒரே கனமான கோட்டைத் தருகிறது. தென்னை ஈர்க்குச்சி தரும் கோடு எனக்கு மிகவும் பிடித்தது. நுனி வளைந்து கொடுப்பதால் அழுத்தும்போது அகன்றும் தூக்கும்போது மெலிந்தும் ஓடுகிறது. கோழி இறகால் வருடினால் நூற்றுக்கணக்கான மயிரிழைக் கோடுகள் ஒன்றாக வருகின்றன. கீறிய இடத்தில் ஒளி புகும் என்பதால் அச்சில் அது நீலக் கோடு. கரி இல்லாத தெளிந்த கண்ணாடிப் பகுதி முழுவதும் அச்சில் நீலத்தரையாகிவிடும். அங்கே கோடு தெரிய வேண்டுமானால் ஒளியைத் தடுக்க வேண்டும். அதற்குச் செங்காவிப் பொடியைக் கருவேலம் பிசினில் குழைத்து வரைகிறேன். காவியில் உள்ள இரும்பு ஆக்சைடு புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுக்கிறது. கறுப்பு மை அளவுக்குக் கண்ணை மறைக்காததால் அடியில் என்ன இருக்கிறது என்பதும் தெரிகிறது.

இந்த வேலையின் உயிர், கரிப் பகுதியும் தெளிந்த பகுதியும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. கரிக்குள் ஈர்க்குச்சியால் கீறிக்கொண்டு வரும் கோடு எல்லையைத் தொட்டதும், ஈர்க்குச்சியை வைத்துவிட்டுக் காவித் தூரிகையை எடுத்து, கை எந்தத் திசையில் எந்த வேகத்தில் வந்ததோ அதே ஓட்டத்தில் மறுபுறம் தொடர வேண்டும். அகற்றுவது ஒரு செயல், சேர்ப்பது அதற்கு நேர் எதிரான செயல். இரண்டும் அச்சில் ஒரே கோடாக இணைய வேண்டும். கனம் பொருந்தாவிட்டால் கோடு அங்கே ஒடிந்து நிற்கும். பொருந்திவிட்டால் நீலக் கோடு தன் தரையை விட்டு வெளியேறி வெண்கோடாக மாறிச் செல்வதைப் பார்ப்பவர் கண் தடையில்லாமல் பின்தொடர்கிறது. எல்லையைச் சுத்தமான நேர்கோடாக வைக்காமல் புகை தானாகத் தேய்ந்து மறையும் விளிம்பாகவே விடுவது நல்லது என்பது என் முடிவு. அந்தத் தேய்வில், கீறலும் நீலம், தரையும் பாதி நீலம் என்ற ஒரு சிறு இடைவெளி கிடைக்கிறது. கோடு அங்கே ஏறக்குறைய காணாமல் போய், பிறகு வெண்மையாக வெளிவருகிறது.

தகட்டின் கரிப்பக்கத்தை மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்பது அடுத்த கேள்வி. கீழே வைத்தால் கரி தாளுக்கு ஒட்டி நிற்பதால் கோடு கூர்மையாக விழும்; ஆனால் படம் இடவலம் மாறும், கரியும் தாளில் ஒட்டும். நடுவே மெல்லிய ஒளிபுகு பாலியெஸ்டர் தாள் ஒன்றை வைத்தால் ஒட்டாது. மேலே வைத்தால் படம் வரைந்தபடியே வரும். கோட்டுக்கும் தாளுக்கும் நடுவே கண்ணாடியின் கனம் நிற்கும். கோரோ தம் தகடுகள் சிலவற்றை இரண்டு விதமாகவும் அச்சிட்டிருக்கிறார். ஒன்றில் கோடு கூர்மையாகவும் மற்றதில் ஒளி கசிந்து மென்மையாகவும் இருக்கும். அதே மென்மையை எதிர்பார்த்து உச்சி வெயிலில் அச்சிட்டால் அது வருவதில்லை. காரணம், வானத்தில் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகைதான். 2 மில்லிமீட்டர் தொலைவில் அது உண்டாக்கும் கசிவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. தகட்டை நிழலுக்கு நகர்த்தி, நேர் வெயில் படாமல் திறந்த வானத்தின் வெளிச்சம் மட்டும் படும்படி வைத்தால் கதிர்கள் எல்லாப் பக்கமிருந்தும் வருகின்றன. அப்போது அதே 2 மில்லிமீட்டரில் ஊசிக்கோடுகள் கரைந்து மூட்டமாகின்றன. அகன்ற கோடுகள் மட்டும் கரையோரம் நனைந்தாற்போல நிற்கின்றன. ஆகவே என் அச்சுகளில் வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறேன்: முதலில் நிழலில், கரிப்பக்கம் மேலாக, பிறகு அட்டையால் பாதியை மூடிக்கொண்டு, மறுபாதிக்கு மட்டும் நேர் வெயில். ஒரே கோடு ஒரு முனையில் மங்கலாகவும் மறுமுனையில் கூராகவும் அமைய இதுவே வழி.

தகட்டுக்கு மேலே உயர்த்திப் பிடிக்கும் பொருள்களில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். செம்புக் கம்பியை வளைத்து, தாளிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தினால், சூரியனின் அகலத்தால் அதன் நிழல் விளிம்பு சுமார் 1 மில்லிமீட்டர் அளவு மென்மையாகிறது. ஆனால் சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்கிறது. 10 நிமிடத்தில் இரண்டரைப் பாகை. நடுப்பகலை ஒட்டி வைத்தால், அதே 10 நிமிடத்தில் அந்த நிழல் தாளின்மேல் நாலரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிழக்கு நோக்கி இழுபடும். கம்பியின் கிழக்கு மேற்காக ஓடும் பகுதி தன் நீளத்திலேயே வழுக்கிச் செல்வதால் கூர்மையாகவே நிற்கும். வடக்கு தெற்காக ஓடும் பகுதி பட்டையாகத் தேயும். ஒரே கம்பியில் இரண்டு விதக் கோடுகள். வளைவை எந்தத் திசையில் வைக்கிறோம் என்பதே தூரிகையின் அழுத்தத்தைப் போல வேலை செய்கிறது. இதை அறிந்த பிறகு தாளின் மூலையில் பென்சிலால் கிழக்கைக் குறித்துக்கொள்ளாமல் நான் கம்பியை நிறுத்துவதே இல்லை.

எர்ன்ஸ்ட் செய்த தேய்ப்பையும் சேர்த்துக்கொண்டேன். டிரேசிங் தாளைக் கோரைப்பாயின் மேல் விரித்து 6பி பென்சிலால் தேய்த்தால் பாயின் நெசவு பதிகிறது. கிராஃபைட் ஒளியைத் தடுப்பதால் அதுவே நெகட்டிவாகிறது. அச்சில் வெளிறிய வரிகளாக வரும் இந்தப் பரப்பை நீலத்தின் பெருவெளியில் ஓரிடத்தில் மட்டும் வைப்பது போதும். அதிகமானால் அது பாய் என்று தன்னை அறிவித்துவிடும். அரூபத்தில் பொருள் தன் பெயரைச் சொல்லத் தொடங்கினால் கோட்டின் பயணத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். இலை, பூ, சாவி போன்ற எளிதில் அடையாளம் தெரியும் பொருள்களை முழுவதுமாகத் தவிர்த்ததற்கும் இதுவே காரணம்.

வெயிலில் வைத்த தாள் மஞ்சள்பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு ஆழமான இடங்களில் சாம்பலும் வெண்கலமும் கலந்த நிறத்துக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். உச்சி வெயிலில் இதற்கு 10 நிமிடம் அளவில் போதும், நிழலில் அதைப்போல் பல மடங்கு ஆகும். அதன்பின் கழுவுதல். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் காரமும் மிகுந்தது. அதில் அப்படியே கழுவினால் வெளிர்நீலங்கள் எல்லாம் வெளியேறிவிடும். முதல் நீரில் ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்துகொண்டால் மெல்லிய கரி தந்த படலங்கள்கூட நிற்கின்றன. மஞ்சள் முழுவதும் போகும் வரை நீரை மாற்ற வேண்டும். நீலம் முழு ஆழத்துக்கு வரக் காற்றில் ஒரு நாள் ஆகும். மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடைக் கடைசி நீரில் சில சொட்டு விட்டால் உடனே வந்துவிடும். நான் அவசரம் இல்லாதபோது காற்றுக்கே விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது நிலையான கருமைக்கு இந்திய மையை எடுக்கவில்லை. மை தாளின்மேல் புதிதாக வந்து உட்காரும். எனக்கு வேண்டியது அந்த நீலத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் இரும்பே கறுப்பது. வாஷிங் சோடாவை நீரில் கரைத்து, நீலத்தில் தொட்டு வரைந்தால், நீலம் உடைந்து, வெளிர்மஞ்சளான இரும்பு ஹைட்ராக்சைடு மட்டும் தாளில் தங்குகிறது. அதன்மேல் கடுக்காய்ச் சாற்றைப் பூசினால், அதில் உள்ள துவர்ப்புச் சத்தான டானின் இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. கலம்காரிக் கலைஞர்கள் துணியை முதலில் கடுக்காயில் தோய்த்துக்கொண்டு, பழைய இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்து எடுத்த நீரால் கறுப்புக் கோடு வரைவதும் இதே கூட்டுதான். அவர்கள் இரும்பைக் கடைசியில் கொண்டுவருகிறார்கள், இங்கே இரும்பு முதலிலேயே இருக்கிறது. அவர்களுடைய மூங்கில் பேனாவையும் எடுத்துக்கொண்டேன். கூரான நுனிக்கு மேலே சுற்றிய துணி கரைசலைத் தேக்கி வைத்து, அழுத்தும்போது மட்டும் இறக்குவதால், நீண்ட கோட்டை இடையில் தொடாமல் ஒரே மூச்சில் இழுக்க முடிகிறது.

சோடாக் கரைசல் தாளில் பரவும் இயல்புடையது. மெல்லிய அரிசிக் கஞ்சியில் சோடாவைக் கலந்து வடிகட்டி வரைந்தால் கோடு நின்ற இடத்தில் நிற்கிறது; பரவ வேண்டிய இடத்தில் கஞ்சியில்லாத கரைசலைப் பயன்படுத்தலாம். மஞ்சளானதும் உடனே அலசி, சோடா முழுவதும் போன பின்பே கடுக்காய்க்குச் செல்ல வேண்டும். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலை இடித்து, 10 கிராமுக்கு 200 மில்லி வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, துணியில் இருமுறை வடிகட்டுகிறேன். தூசு தங்கினால் தாளில் புள்ளியாக நிற்கும். தேயிலைச் சாறும் கறுக்கும், ஆனால் பழுப்போடு கறுக்கும், வெண்பகுதிகளையும் கறையாக்கும். கடுக்காய் தரும் கருமையில் ஒரு நீலச்சாயல் எஞ்சுவதால், பக்கத்தில் உள்ள நீலத்தோடு அது உறவு விடாமல் நிற்கிறது. இன்னும் கறுப்பு வேண்டும் என்று அன்னபேதி (இரும்பு சல்பேட்) உப்பை மேலே சேர்க்கத் தோன்றும். அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்: பழைய இரும்பு மையில் எழுதிய தாள்களை அரித்தது அன்னபேதி தந்த அமிலமும் மிகையான இரும்பும்தான். இங்கே இரும்பு நீலத்திலிருந்தே வந்தது; அளவு குறைவு, அதுவே பாதுகாப்பு.

கருமையை எங்கே நிறுத்துவது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். வெண்கோடு நீலத்துக்குள் ஓடி முடியும் இடத்தில் கறுப்பைத் தொடங்கினால், வெண்மைக்கும் கருமைக்கும் நடுவே ஒரு சொட்டு நீலம் விட்டுவைக்க வேண்டும். இரண்டும் நேரடியாக முட்டினால் கண்ணை அடிக்கிறது. கறுப்புக் கோடு நீலம் செறிந்த இடத்தில் மட்டுமே ஆழமாகக் கறுக்கும், வெளிர்நீலத்தில் சாம்பலாகத் தேயும், வெண்தாளில் இரும்பே இல்லாததால் கறுக்கவே கறுக்காது. ஆகவே இந்தக் கோடு எங்கு வேண்டுமானாலும் போகும் உரிமை உடையதன்று. ஒளி எவ்வளவு நேரம் எந்த இடத்தில் விழுந்ததோ அந்தக் கணக்குக்குள்தான் அது ஓட முடியும். கை வரைகிறது, ஆனால் கோட்டின் ஆழத்தை வெயில் முன்பே முடிவு செய்துவைத்திருக்கிறது. மேலே தனியாக வரைந்து சேர்க்கும் மையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால்தான் அந்தப் படங்கள் இரண்டு அடுக்காகவே நிற்கின்றன.

காய்ந்த தாள் அலையலையாக நெளிந்திருக்கும். பின்பக்கத்தை லேசாக ஈரப்படுத்தி, உறிஞ்சு தாள்களுக்கு நடுவே பலகை வைத்து ஓரிரு நாள் அழுத்தினால் நேராகிவிடும். சட்டம் போடக் கொடுக்கும்போது, ஆவணக் காப்புக்காகக் காரம் சேர்த்த மவுண்ட் அட்டையை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். காரம் சேர்க்காத, அமிலமும் இல்லாத பருத்தி அட்டையே இதற்கு ஏற்றது. சுண்ணாம்பு அடித்த ஈரச் சுவரும் ஆகாது. கடுமையான வெளிச்சத்தில் தொங்கினால் நீலம் வெளிறும். அப்படி வெளிறியதைச் சில நாள் இருட்டில், காற்றுப் படும்படி வைத்தால் நீலத்தில் பெரும்பகுதி திரும்புகிறது. கறுப்புக் கோட்டுக்கு அந்தத் திரும்பும் தன்மை கிடையாது என்பதால், மாட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீலத்தை விடக் கறுப்பை நினைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.